கோலார் தங்கவயலில் யாருக்கு எவ்வளவு பங்கு?

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் மைசூர் மண்ணில் இருந்தன. அவற்றின் முதலாளிகள் லண்டனில் இருந்தார்கள். 1880இல் அங்கே தொடங்கப்பட்ட மைசூர் கோல்டு மைனிங் கம்பெனியின் நிர்வாகம் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கையில் இருந்தது.

முதல் தகராறு பங்குதாரர்களுக்குள்ளேயே எழுந்தது. சில ஆண்டுகள் தோண்டியும் தங்கம் தட்டுப்படவில்லை, மூலதனம் கரைந்துகொண்டே போனது. மிச்சப் பணத்தைப் பிரித்துக்கொண்டு கம்பெனியை மூடிவிடலாம் என்றனர் பலர். தொடர்ந்து தோண்டலாம் என்று ஜான் டெய்லர் வாதாடிச் சம்மதிக்க வைத்தார். 1880களின் நடுவில் பிளம்மர் என்ற சுரங்க அதிகாரி சாம்பியன் தங்கப் படுகையைக் கண்டுபிடித்தார். சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க் சுரங்கங்களும் செழித்தன. ஈவுத்தொகை கடல் கடந்து போனது. குத்தகை கொடுத்த மைசூர் அரசுக்கு எடுக்கும் தங்கத்தின் மதிப்பில் 5 சதவீதம் ராயல்டி.

இந்தக் கணக்கில் தொழிலாளிக்கு இடமே இல்லை. வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்த தமிழர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், லைன் வீடுகளில் வாழ்ந்தார்கள். சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென வெடித்துச் சிதறும். ‘ராக் பர்ஸ்ட்’ என்ற சொல்லைக் கேட்டாலே குடும்பங்கள் நடுங்கின. 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள்.

1956 நவம்பர் இறுதியில் மைசூர் அரசு தனிச் சட்டம் இயற்றிச் சுரங்கங்களைக் கையகப்படுத்தியது. இழப்பீடு சுமார் 1.64 கோடி ரூபாய். தொகை குறைவென்று பங்குதாரர்கள் நினைத்தாலும் நீதிமன்றக் கதவு ஏறக்குறைய மூடியிருந்தது. சொத்தின் முழு மதிப்புக்கு ஈடான தொகை தரவேண்டும் என்று 1953இல் பேலா பானர்ஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்புக்குப் பதிலடியாக வந்த 1955ஆம் ஆண்டின் நான்காவது அரசியல் சட்டத் திருத்தம், இழப்பீடு போதாது என்பதைக் காட்டி வழக்காடுவதைத் தடுத்தது. புதிதாக விடுதலை பெற்ற நாட்டுக்கு அந்த அதிகாரம் தேவையாகவே இருந்தது.

இன்றைய வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு உள்ளூர் நீதிமன்றத்தைத் தாண்டியும் வழி உண்டு. பலுசிஸ்தானின் ரெக்கோ டிக் செம்பு, தங்கச் சுரங்கத்துக்கு 2011இல் குத்தகை மறுக்கப்பட்டது. பாரிக், அந்தோஃபகஸ்தா நிறுவனங்களின் கூட்டுக் கம்பெனி உலக வங்கிக் குழுமத்தின் நடுவர் மையத்துக்குப் போனது. 2019இல் பாகிஸ்தான் 580 கோடி டாலருக்கு மேல் தரவேண்டும் என்று தீர்ப்பானது. பிறகு சமரசம் பேசி, பாரிக் அந்தச் சுரங்கத்துக்கே திரும்பியது. அந்த மையத்தின் ஒப்பந்தத்தில் இந்தியா இன்றுவரை சேரவில்லை.

கோலார் 1962இல் மத்திய அரசுக்கு மாறியது. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனமானது. வெளிச்சந்தையில் தங்கம் விலை ஏறிக்கொண்டிருந்தபோது, கோலார் தங்கம் சர்வதேச அதிகாரப்பூர்வ விலைக்கே அரசிடம் போனது. ஏட்டில் நஷ்டம் பெருகியதற்கு ஆழச் சுரங்கத்தின் செலவோடு இந்த விலைக் கணக்கும் காரணம். பழி மட்டும் தொழிலாளர் மேல் விழுந்தது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. தாங்களே நடத்துகிறோம் என்று முன்வந்த தொழிலாளர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். உலகளாவிய ஏலம் விடும் மத்திய அரசின் முடிவை 2013இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது.

தங்கம் பிரித்த கழிவு குவிந்து ஊரைச் சுற்றி நிற்கும் சயனைடு மேடுகளில் இன்னும் தங்கம் இருக்கிறது. அவற்றில் 13 மேடுகளிலிருந்து அதைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் யோசனைக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது.