'மாலிஸ்' என்னும் ஆங்கிலச் சொல்

'மாலிஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு வன்மம், காழ்ப்பு எனப் பொருள் கொள்ளுதல் நம்மிடை வழக்கம். உலக வழக்கிற்கு அது பொருந்தும். எல்லாவிடத்தும் அதனையே கொள்ளின் மொழிபெயர்ப்புப் பிழைபடும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

தீயது எனப் பொருள்படும் 'மாலுஸ்' என்ற இலத்தீன் அடியினின்று 'மாலித்தியா' பிறந்தது. அது பழைய பிரெஞ்சு வழியே ஆங்கிலம் புக்கது. மூலச்சொல்லின் பொருட்பரப்புப் பெரிது. இலத்தீன் விவிலியத்து மத்தேயு நூலில் ஒரு நாளுக்குரிய தொல்லையையும் அச்சொல்லே குறிக்கின்றது. நாளுக்கு வன்மம் ஏது? கொரிந்தியர்க்கு எழுதிய முதல் நிருபத்தில் 1611-ஆம் ஆண்டு ஆங்கில விவிலியம் 'மாலிஸ்' எனப் பெய்தவிடத்துத் தமிழ் விவிலியம் 'துர்க்குணம்' என்கின்றது. ஆண்டுள்ள கிரேக்கச் சொல் தீமையைப் பொதுவாகச் சுட்டுவதாகலின் அஃது ஏற்புடைத்தே.

சட்ட நூல்களிலேதான் மயக்கம் மிகுதி. 'புரோமேஜ் எதிர் புரோசர்' என்னும் வழக்கில் (1825) நீதிபதி பெய்லி இருபொருளையும் பிரித்துக் காட்டினார்: உலக வழக்கில் ஒருவர்மேற் கொண்ட தீய எண்ணம், சட்ட வழக்கில் தக்க காரணமின்றி வேண்டுமென்றே செய்யும் தவறு. பின்னதற்குப் பகையுணர்ச்சி வேண்டுவதின்று. இங்கிலாந்தில் கொலைக் குற்றத்தின் உறுப்பாகிய 'மாலிஸ் அஃபோர்தாட்' என்பதும் இத்தகையதே. அது கொல்லும் கருத்தையேனும் கொடுங்காயம் விளைக்கும் கருத்தையேனும் குறிக்கும். நோயின் துயர் காணப் பொறாது அன்பினால் ஒருவரைக் கொன்றாரிடத்தும் அச்சட்டம் 'மாலிஸ்' காணும். அங்கு 'வன்மம்' என்று எழுதினால் தமிழறிந்தார் நகைப்பர். தொடரின் பிற்பகுதி 'முன்னரே எண்ணிய' எனப் பொருள்படினும், அந்நொடியிற் பிறந்த கருத்தே போதும். 1957-க்கு முன்னர், வேறொரு பெருங்குற்றம் செய்கையில் நேர்ந்த கொலைக்கு அக்கருத்தும் இன்றியே 'மாலிஸ்' கற்பிக்கப்பட்டது. அவ்வாண்டுச் சட்டம் அதனை நீக்கியது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1964-இல் 'நியூயார்க் டைம்ஸ் எதிர் சலிவன்' வழக்கில் ஆண்ட 'ஆக்சுவல் மாலிஸ்' இன்னும் விலகியது. பொது அலுவலரைப் பற்றிய அவதூற்றைப் பொய்யென அறிந்தோ, மெய்யோ பொய்யோ எனப் பொருட்படுத்தாதோ வெளியிடுதலே அது. யான் கண்ட மொழிபெயர்ப்பு ஒன்று இதனை 'மெய்யான வன்மம்' என்கின்றது. அதனைப் படிக்கும் தமிழ் மாணவர், இதழாசிரியர்க்கு அலுவலர்மேற் பகை இருந்ததா என்று வினவுவர்; நீதிமன்றமோ பொய்யென அறிந்திருந்தாரா என்று வினவியது. தீர்ப்பின் உயிர்நிலையே மாறிவிடுகின்றது. ஒரு சொல்லாற் பெயர்த்தல் வேண்டுமென்னும் விருப்பத்தை விட்டு, 'அறிந்து பொய்த்தலும் வாய்மை கருதாமையும்' என விரித்தெழுதுவதே இவ்விடத்துத் தக்கது.