அலுவலகக் கணினியில் யாரும் எதையும் இன்ஸ்டால் பண்ணாமல் தடுக்க…

"ஆபீஸ் கம்ப்யூட்டர்ல யாரும் எதையும் இன்ஸ்டால் பண்ணக்கூடாது, இருக்கிறதை எடுக்கவும் கூடாது. அதுக்கு ஒரு செட்டிங் இருக்குமே, எங்கே இருக்கு?"

இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. பெரும்பாலும் பத்துப் பதினைந்து கணினி வைத்திருக்கும் சின்ன அலுவலகங்களில் இருந்து. விண்டோஸில் அப்படி ஒரே ஒரு செட்டிங் கிடையாது. ஏன் கிடையாது என்று புரிந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதும் பாதி புரிந்துவிடும்.

நாம் இன்ஸ்டால் செய்வதை ஒரு தனிச் செயலாக நினைக்கிறோம். கணினியைப் பொறுத்தவரை அது சில கோப்புகளை ஓர் இடத்தில் எழுதுவது, ரெஜிஸ்ட்ரியில் சில வரிகள் சேர்ப்பது, ஸ்டார்ட் மெனுவில் ஒரு ஷார்ட்கட் வைப்பது, அவ்வளவுதான். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "இவர் எந்தெந்த இடத்தில் எழுத முடியும்?" என்பது. ப்ரோகிராம் ஃபைல்ஸ், விண்டோஸ் ஃபோல்டர், ரெஜிஸ்ட்ரியில் கணினி முழுவதற்குமான பகுதி இவையெல்லாம் பொது இடம். அட்மின் உரிமை உள்ளவர்தான் அங்கே கை வைக்கலாம். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் ஆப்டேட்டா ஆகியவை பயனரின் சொந்த வீடு மாதிரி. அங்கே அவர் எழுதித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் வேலையே ஓடாது.

முதல் வேலை, ஊழியர்களின் கணக்கை அட்மினில் இருந்து ஸ்டாண்டர்ட் யூசராக மாற்றுவது. 2001-இல் எக்ஸ்பி வந்தபோது, நிறுவும்போது உருவாக்கிய கணக்குகள் எல்லாமே அட்மின்தான். மென்பொருள் எழுதுகிறவர்களும் அதையே நம்பி எழுதினார்கள். 2007-இல் விஸ்டா வந்து, திரையை இருட்டாக்கி "அனுமதிக்கலாமா?" என்று கேட்க ஆரம்பித்ததும் உலகமே எரிச்சல் பட்டது. இன்றைக்கும் நிறுவும்போது உருவாக்கும் முதல் கணக்கு அட்மின்தான். கடையில் இருந்து கணினி வரும், கடைக்காரர் ஒரு கணக்கு போட்டுக் கொடுப்பார், அதிலேயே எல்லாரும் வருஷக்கணக்கில் வேலை செய்வார்கள். இதை மாற்றாமல் மற்ற எந்தத் தடையைப் போட்டாலும் வீண். தடையும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரிதான், அட்மின் அதை அழித்துவிடலாம்.

நீக்குவதைத் தடுப்பதும் பெரும்பாலும் இதிலேயே முடிந்துவிடும். ப்ரோகிராம் ஃபைல்ஸில் இருக்கும் மென்பொருளை ஸ்டாண்டர்ட் யூசர் எடுக்க முடியாது. கண்ட்ரோல் பேனலில் மென்பொருள் நீக்கும் பக்கத்தையே மறைக்க ஒரு பாலிசி இருக்கிறது, பலர் அதைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அது பக்கத்தை மட்டும்தான் மறைக்கும். மென்பொருளின் ஃபோல்டரிலேயே அன்இன்ஸ்டாலர் உட்கார்ந்திருக்குமே!

சரி, ஸ்டாண்டர்ட் யூசர் ஆக்கியாச்சு. அப்புறமும் ஒருவர் கணினியில் புதுசாக ஒரு பிரவுசர் எப்படி வந்தது? சொந்த வீட்டு வழியாகத்தான். 2008-இல் கூகுள் குரோம் வந்தபோது அது பொது இடத்தைத் தொடாமல் ஆப்டேட்டாவில் போய் உட்கார்ந்தது. அட்மின் பாஸ்வேர்டே தேவைப்படவில்லை. ஜூம், விஷுவல் ஸ்டுடியோ கோட் என்று பலவும் இந்த வழியில் வந்தன. நியாயமான மென்பொருள் வரும் இதே வழியில் வைரஸும் வரும். போர்ட்டபிள் மென்பொருள் என்றால் இன்ஸ்டாலே வேண்டாம், பென் டிரைவில் இருந்தே ஓடும்.

இந்த இடத்தில்தான் குரூப் பாலிசியில் "விண்டோஸ் இன்ஸ்டாலரை நிறுத்து" என்கிற செட்டிங்கைக் கண்டுபிடித்துப் பலர் குதூகலிப்பார்கள். அது எம்எஸ்ஐ கோப்புகளுக்கு மட்டும். எக்ஸிஇ வடிவில் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் இன்ஸ்டாலர்களை அது கண்டுகொள்ளாது. அதே பட்டியலில் "எப்போதும் உயர்ந்த உரிமையுடன் இன்ஸ்டால் செய்" என்று இன்னொன்று இருக்கும். அட்மினைக் கூப்பிடும் தொல்லை இல்லையே என்று அதைப் போட்டுவிடாதீர்கள். யார் கொண்டுவரும் எம்எஸ்ஐ கோப்பும் கணினியின் முழு உரிமையோடு ஓடும். திருடனுக்குச் சாவி கொடுப்பது போலத்தான்.

ஆக, எழுதுவதைத் தடுத்தால் மட்டும் போதாது, ரன் ஆவதையும் தடுக்க வேண்டும். விண்டோஸ் 7-இல் இருந்து இருக்கும் ஆப்லாக்கர் இதற்குத்தான். முதலில் என்டர்பிரைஸ் மாதிரியான உயர் பதிப்புகளில் மட்டும் இருந்தது. இப்போது விண்டோஸ் 10, 11 ப்ரோவிலும் போடலாம். ஹோம் பதிப்பில் குரூப் பாலிசி எடிட்டரே கிடையாது, ஆகவே அலுவலகத்துக்கு ஹோம் வாங்காதீர்கள். ஆப்லாக்கரின் இயல்பான விதி ரொம்ப எளிது. ப்ரோகிராம் ஃபைல்ஸிலும் விண்டோஸ் ஃபோல்டரிலும் இருப்பதை யாரும் ரன் பண்ணலாம், மற்ற இடங்களில் இருப்பதை அட்மின் மட்டும். ரன் பண்ண முடிகிற இடத்தில் பயனரால் எழுத முடியாது, எழுத முடிகிற இடத்தில் ரன் பண்ண முடியாது. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் கதவு மூடும். அதிலும் ஓட்டை உண்டு. விண்டோஸ் ஃபோல்டருக்குள்ளேயே டெம்ப், டாஸ்க்ஸ் மாதிரி சாதாரணப் பயனர் எழுதக்கூடிய இடங்கள் இருக்கின்றன, அவற்றை விதிவிலக்காகச் சேர்க்க வேண்டும். பிரவுசர் எக்ஸ்டென்ஷன்கள் இதில் சிக்கவே சிக்காது. அவை பிரவுசருக்குள் ஓடுபவை, குரோமுக்கு என்று தனிப் பாலிசி போட வேண்டும்.

இவ்வளவும் போட்ட பிறகு என்ன ஆகும் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2021 ஜூலையில் பிரிண்ட்நைட்மேர் என்ற ஓட்டை வெளியானது. ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் விட்ட அப்டேட்டில் பிரிண்டர் டிரைவர் போடுவதற்கே அட்மின் உரிமை வேண்டும் என்றாகிவிட்டது. பாதுகாப்புக்கு அது சரியான முடிவு. ஆனால் பிரிண்ட் எடுக்க முடியாமல் நின்றவருக்கு? நம்ம ஊரில் ஃபாண்ட் பிரச்சினை வேறு. பாமினியில் அடித்த பழைய ஃபைல் வரும், அந்த ஃபாண்ட் இல்லாவிட்டால் ஓர் எழுத்தும் புரியாது. 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு வரை ஒரு ஃபாண்ட் போடுவதற்கும் அட்மினைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

கூப்பிட்டும் ஆள் வரவில்லை என்றால் மனுஷன் சும்மா உட்கார மாட்டான். இரண்டு பிடிஎஃப் கோப்பை ஒன்றாகச் சேர்க்கும் மென்பொருள் தரவில்லையா? ஏதோ ஒரு இணையதளத்தில் ஏற்றிச் சேர்த்துக்கொள்வான். வாடிக்கையாளரின் பேலன்ஸ் ஷீட் யாருடைய சர்வரிலோ போய் உட்காரும். கணினியில் ஒன்றும் இன்ஸ்டால் ஆகவில்லை, பாலிசி பிரமாதமாக வேலை செய்தது! அதனால் பூட்டுவதற்கு முன்னால் யாருக்கு என்ன வேண்டும் என்று உட்கார்ந்து கேட்டு, வேண்டியதை நாமே போட்டுவிட வேண்டும். பிறகு கேட்டால் அன்றைக்கே பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். எல்லாக் கணினியிலும் ஒரே அட்மின் பாஸ்வேர்ட் வைக்கவும் கூடாது. அவசரத்துக்கு ஒரு தடவை போனில் சொன்னால் போதும், சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். கணினிக்கு ஒன்றாகப் பாஸ்வேர்டைத் தானே மாற்றிவைக்கும் லாப்ஸ் என்ற வசதியை மைக்ரோசாஃப்ட் 2015-இலேயே இலவசமாகக் கொடுத்தது, 2023 முதல் விண்டோஸிலேயே சேர்ந்து வருகிறது. ஆனால் அதற்கு டொமைனோ மைக்ரோசாஃப்டின் க்ளவுட் கணக்கோ வேண்டும். இல்லாதவர்கள் ஒரு நோட்டில் எழுதிப் பூட்டி வைக்கலாம், தப்பில்லை.

ஆப்லாக்கரை எடுத்தவுடனே தடுக்கும் நிலையில் போடாதீர்கள். ஆடிட் என்ற நிலை இருக்கிறது. எதையும் தடுக்காது, தடுத்திருந்தால் எது நின்றிருக்கும் என்று ஈவன்ட் வியூவரில் 8003 என்ற எண்ணில் எழுதி வைக்கும். எம்எஸ்ஐக்கும் ஸ்கிரிப்டுக்கும் 8006. அப்ளிகேஷன் ஐடென்டிட்டி என்ற சர்வீஸ் ஓடவில்லை என்றால் ஒன்றும் பதிவாகாது, அதை முதலில் பாருங்கள். குறைந்தது ஒரு முழு மாதம் விடுங்கள். ஜிஎஸ்டி தாக்கல், சம்பளப் பட்டியல், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இவற்றுக்கான மென்பொருள் எல்லாம் மாதத்தில் ஓரிரு நாள்தான் ஓடும். பட்டியலில் இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, வேண்டியதற்கு விதி எழுதிய பிறகு தடுக்கும் நிலைக்கு மாற்றுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் மாற்றிவிட்டுக் கிளம்பாதீர்கள். செவ்வாய், புதன் மாதிரி ஒரு நாள் காலையில், நீங்கள் அலுவலகத்திலேயே இருக்கும்போது செய்யுங்கள். அதற்குப் பிறகு பார்க்க வேண்டிய எண் 8004.