வழி தவறி வந்த வல்லூறு

இங்கிலாந்து தேசத்துக் கிராமம் ஒன்றில், விடியற்காலையில் ஒருவர் கொல்லைக் கதவைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வேலியின்மீது காக்கையைக் காட்டிலும் பெரிய பறவையொன்று உட்கார்ந்திருக்கிறது. வளைந்த அலகு, கூரிய நகங்கள். மனிதரைக் கண்டும் அது பறந்து போகவில்லை. சற்று நகர்ந்ததும் அதன் காலிலிருந்து 'கிணிங்' என்று மணியோசை கேட்கிறது. வேட்டைப் பறவைக்குச் சலங்கை கட்டியது யார்?

அது யாரோ வளர்த்த பறவை என்பதில் ஐயமில்லை. வல்லூறுகளைப் பழக்கி வேட்டையாடும் வித்தை அந்நாட்டில் பல நூற்றாண்டுகளாக இருந்து வருகிறது. இன்றும் அதில் பிரியங் கொண்டோர் உளர். பறவையின் இரு கால்களிலும் மெல்லிய தோல்வார்கள் தொங்கும். மணி, புதருக்குள் மறைந்த பறவையைக் காட்டிக் கொடுப்பதற்காக. 1486-ஆம் வருஷத்தில் அச்சான வேட்டை நூலொன்று, இரண்டு மணிகளும் ஒரே ஸ்வரத்தில் ஒலிக்கலாகாது, ஒன்றுக்கொன்று அரை ஸ்வரம் தாழ்ந்திருக்க வேண்டும் என்று விதிக்கிறது. நம் சங்கீத வித்வான்கள் கேட்டால் மகிழ்வார்கள்.

பறவை இன்ன ஜாதி என்று அறிவதும் அவசியமே. கண் கறுத்து, சிறகு நீண்டு கூர்மையாய், மேல் அலகின் ஓரத்தில் பல் போன்ற முனை இருந்தால் அது வல்லூறு இனம். கண் மஞ்சளாய், சிறகு குறுகி வட்டமாய், வால் நீண்டிருந்தால் வேறு இனம். உடல் கபில நிறமாய், தோள் செம்மையாய், வாலின் அடியும் நுனியும் வெளுத்திருந்தால், அது ஹாரிஸ் ஹாக் என்னும் அமெரிக்கப் பறவை. அதன் சொந்த நாடு கடலுக்கு அப்பால் இருப்பதால், இங்கிலாந்தில் அது காணப்பட்டால், யாரிடமிருந்தோ தப்பி வந்தது என்று கொள்ளலாம்.

இப்படிக் கிடைத்த பறவையை என்ன செய்வது? 1360-ஐ ஒட்டி, மூன்றாம் எட்வர்ட் மன்னர் காலத்திலேயே இதற்கென ஒரு சட்டம் செய்தார்கள். கண்டெடுத்தவன் அதை ஜில்லா ஷெரீப்பிடம் ஒப்படைக்க வேண்டும். ஷெரீப் அவ்வட்டாரத்து முக்கிய ஊர்களிலெல்லாம் பறை சாற்ற வேண்டும். சொந்தக்காரர் வந்து தம்முடையதென்று நிரூபித்தால், செலவைக் கொடுத்துவிட்டுப் பெற்றுக்கொள்ளலாம். நான்கு மாதம் யாரும் வராவிட்டாலோ, கண்டெடுத்தவன் எளியவனாயின் பறவை ஷெரீப்புக்கு. அவனுக்கு ஏதோ பணம் கொடுத்தால் போதும். கண்டெடுத்தவர் கனவானாயிருந்தால் பறவை அவருக்கே! ஒரே பறவை, ஒரே வேலி. ஆளைப் பார்த்து நீதி. அந்த மனோபாவத்தை நாமும் இரண்டு நூற்றாண்டு அனுபவித்தவர்கள்தாமே?

சொந்தக்காரரை எப்படி அறிவது? அக்காலத்துப் பிரபுக்கள் தோல்வாரின் நுனியில் சிறு வெள்ளி வளையம் கோத்து, அதில் தம் பெயரையோ குலச்சின்னத்தையோ பொறித்தார்கள். அத்தகைய வளையங்கள் இன்றும் அந்நாட்டு வயல்களில் அகப்படுகின்றன. பறவை போன இடம்தான் தெரியாது. பிரெஞ்சு மன்னர் நான்காம் ஹென்றியின் வல்லூறு ஒன்று பாரிஸுக்கு அருகே தப்பி, மறுநாளே சுமார் 1,700 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மால்டா தீவில் பிடிபட்டு, வளையத்தால் அடையாளம் காணப்பட்டதாக ஒரு கதை உண்டு. நம்புவது வாசகர் இஷ்டம்.

இக்காலத்து வளையம் உலோகத்தாலானது, எண் பொறித்தது. மூட்டில்லாத முழு வளையமாயிருந்தால் அதில் ஒரு சூட்சுமம் உண்டு. குஞ்சு பொரித்த சில நாட்களுக்குள், பாதம் சிறிதாயிருக்கும்போதுதான் அதை மாட்ட இயலும். பாதம் வளர்ந்துவிட்டால் ஏறாது. ஆகவே அவ்வளையமே, 'இது காட்டில் திருடியதன்று. மனிதர் வசத்தில் பிறந்தது' என்பதற்குச் சாட்சி. சில ஜாதிகளை வளர்ப்போர் ஸர்க்காரிடம் பதிவு செய்து வளையம் மாட்ட வேண்டுமென்று 1981-ஆம் வருஷத்துப் பிரிட்டிஷ் சட்டம் விதித்தது. ஐக்கிய அரபு நாட்டிலோ 2002 முதல் வல்லூறுகளுக்குப் பாஸ்போர்ட்டே கொடுக்கிறார்கள்!

இரக்கத்தால் சிலர் தோல்வாரோடு பறவையைப் பறக்கவிட்டு விடுவதுண்டு. அதைவிடப் பெரிய தீங்கு வேறில்லை. வார் மரக்கிளையில் சிக்கினால் பறவை தலைகீழாய்த் தொங்கியே சாகும். அஞ்ச வேண்டியது அலகையன்று, நகங்களை. கனத்த துணியைப் போர்த்திப் பிடித்து, காற்றுப் புகும் அட்டைப் பெட்டியில் வைத்தால் இருட்டில் அது அடங்கிவிடும். கம்பிக் கூண்டு ஆகாது, இறகுகள் ஒடிந்துவிடும். ரொட்டியும் பாலும் அதற்கு ஆகாரமல்ல. உப்பில்லாத பச்சை இறைச்சிதான் வேண்டும்.

வளைய எண்ணை ஊரெல்லாம் சொல்லிவிடக் கூடாது. நல்ல வல்லூற்றுக்கு விலை அதிகம்; பொய்யாக உரிமை கொண்டாடி வருவோரும் இருப்பர். எண்ணை அவர்களே சொல்லட்டும்.

நம் நாட்டில் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வல்லூறு காக்கப்பட்ட பறவை; அதைப் பிடிப்பது குற்றம். ஆகையால் காலில் வாரோடு பறவையொன்று நம் மொட்டை மாடியில் வந்து இறங்கினால், வனத்துறைக்கே சொல்லியனுப்ப வேண்டும்.

இங்கிலாந்திலோ, சேதி எட்டிய சொந்தக்காரர் இடக்கையில் கனத்த தோலுறை மாட்டிக்கொண்டு ஓடி வருவார். கூடத்தில் பெட்டியைத் திறந்து, உறையின்மேல் ஒரு துண்டு இறைச்சியை வைத்து நீட்டுவார். இரவெல்லாம் பட்டினி கிடந்த பறவை ஒரு கணம் உற்றுப் பார்க்கும். பிறகு மணி ஒலிக்க, அந்தக் கையின்மேல் ஏறி நிற்கும்.