கிராமத்துப் பெண்ணுக்கு மனநல உதவி

காஞ்சிபுரம் மாவட்டத்துப் பழையசீவரம் போன்ற ஊர்களில் பெண்ணின் மனச்சோர்வு பெரும்பாலும் உடல் வலியாகவே வெளிப்படுகிறது. தலைபாரம், தூக்கமின்மை, அசதி என்று மாத்திரை வாங்கி நாளை ஓட்டிவிடுவார்கள். கோயிலில் மந்திரிப்பதும் உண்டு. இத்தனைக்கும் பாலாற்றின் எதிர்க்கரைத் திருமுக்கூடலில் 11ஆம் நூற்றாண்டிலேயே 15 படுக்கைகளும் பணிப்பெண்களும் கொண்ட மருத்துவமனை இயங்கியதை வீரராஜேந்திர சோழனின் கல்வெட்டு கூறுகிறது.

இன்று உதவி இல்லாமல் இல்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனையில் ஆலோசனையும் மருந்தும் இலவசம். வெளியூர் போகத் தயங்குபவர்களுக்கு டெலி மானஸ் தொலைபேசிச் சேவை உண்டு. 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் இதன் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். வீட்டில் அடி உதை என்றால் 181. வீடிழந்து தெருவில் திரியும் மனநோயுற்ற பெண்களுக்காக 1993இல் சென்னையில் தொடங்கப்பட்டது 'தி பேனியன்' என்ற தொண்டு நிறுவனம்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சையை உரிமையாக்கியது. சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது அது. பிள்ளையைப் பிடுங்கிவிடுவார்களோ என்று அஞ்சி நோயை மறைக்கும் தாய்மார்களுக்கு இது முக்கியமான செய்தி.

உண்மையான தடை 'ஊர் என்ன சொல்லும்' என்ற பயம்தான். பிரசவத்துக்குப் பின் இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்கவில்லை என்றால், வீட்டுக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடம் கூச்சமின்றிச் சொல்லலாம்.