ஒரு நாள் முழுக்க பி.பி. பார்க்கும் பெட்டி



நம்ம வீட்டுப் பெரியவங்க ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தா "பி.பி. எவ்ளோ?"ன்னு கேட்போம். அவர்கள் ஒரு எண்ணைச் சொல்வார்கள். அது பார்த்த அந்த நேரத்து எண் மட்டுமே. ஒரு நாளில் 1,440 நிமிஷம் இருக்கிறதே! மற்ற நேரத்தில் எப்படி இருக்கும்? அதைக் காட்ட ஒரு கருவி இருக்கிறது.

முதலில் ரத்த அழுத்தம் என்றால் என்ன?
இதயம் சுருங்கும்போது ரத்தக் குழாயின் சுவரில் ஏற்படும் அழுத்தம் மேல் எண். இதயம் விரியும்போது இருப்பது கீழ் எண். கையில் பட்டை கட்டி, காற்றடித்து அளக்கும் முறையை 1896-ல் இத்தாலி டாக்டர் ரிவா ரோச்சி சொன்னார். ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கும் முறையை 1905-ல் ரஷ்ய டாக்டர் கொரோட்காஃப் சொன்னார். உடம்பில் மாட்டிக்கொண்டு நடமாடும் கருவி 1960-களில் அமெரிக்காவில் வந்தது.

கருவி எப்படி வேலை செய்கிறது?
கையில் ஒரு பட்டை. இடுப்பில் சின்னப் பெட்டி. நடுவில் ஒரு ரப்பர் குழாய். பகலில் 15 முதல் 30 நிமிஷத்துக்கு ஒரு தடவையும், இரவில் 30 முதல் 60 நிமிஷத்துக்கு ஒரு தடவையும் தானாகவே காற்று ஏறி இறங்கும். அப்போது ரத்தக் குழாயில் உண்டாகும் அதிர்வை வைத்துக் கருவி கணக்குப் போடும். மறுநாள் கம்ப்யூட்டரில் எல்லாம் தெரியும். இதயத் துடிப்பைப் பதியும் ஹோல்டர் வேறு, இது வேறு.

எதற்காக இது?
சிலருக்கு டாக்டரைப் பார்த்தாலே பயத்தில் பி.பி. ஏறும். இதை 'வெள்ளை கோட்டு பி.பி.' என்பார்கள். சிலருக்கு ஆஸ்பத்திரியில் சரியாக இருக்கும், வேலை செய்யும்போதோ ராத்திரியிலோ கூடிவிடும். இது ஒளிந்திருக்கும் பி.பி. இதுதான் ரொம்ப ஆபத்து. தூங்கும்போது பி.பி. 10 முதல் 20 சதவீதம் குறையணும். குறையாவிட்டால் இதயம், மூளை, சிறுநீரகம் பாதிக்க வாய்ப்பு அதிகம். தூங்கும்போது பார்க்க இந்தக் கருவிதான் உதவும்.

ஆஸ்பத்திரியில் 140/90 வந்தால் அதிகம் என்பார்கள். இந்தக் கருவியில் 24 மணி நேர சராசரி 130/80 வந்தாலே அதிகம்.

என் ஆயா மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் காய்கறி விற்கிறார்கள். ஆஸ்பத்திரியில் எப்பவும் 160-க்கு மேலதான். மாத்திரையைக் கூட்டினார்கள். ஆனா கூடையைத் தூக்கிட்டு எழுந்தா தலை சுத்துதுன்னு ஆயா சொன்னாங்க. அதனால் டாக்டர் இந்தக் கருவியை மாட்டிவிட்டார். கடைக்கு வந்தவங்க "என்னம்மா, இடுப்புல செல்போனா?"ன்னு கேட்டாங்க. எப்போ என்ன செய்தோம் என்று டைரி எழுதணும். ஆயாவுக்கு எழுதத் தெரியாது. அரையாண்டு விடுமுறை என்பதால் நான் கூட இருந்து எழுதினேன். சராசரி 112/66 வந்தது! டாக்டர் மாத்திரையைக் குறைத்தார், தலைசுற்றல் நின்றது. குறைத்தது டாக்டர், நாங்களாகக் குறைக்கவில்லை. இது முக்கியம்.

மாட்டுபவர்கள் கவனிக்க:
1. தளர்வான கை வைத்த சட்டை, ரவிக்கை போடணும்.
2. காற்று ஏறும்போது கையை ஆட்டாமல், பேசாமல் இருக்கணும்.
3. அன்று குளிக்கக் கூடாது. பெட்டி நனையக் கூடாது.
4. வழக்கமான வேலையைச் செய்யணும். அப்போதுதான் உண்மை தெரியும்.
5. தூங்கின நேரம், எழுந்த நேரம், மாத்திரை போட்ட நேரம் எழுதணும்.

கோபாலபுரத்தில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி மையத்தார் சென்னையில் எடுத்த ஆய்வு 2007-ல் வெளிவந்தது. பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் அது முன்பே தெரியும்! மற்றவர்களுக்குத் தெரியவே இல்லை.

எல்லாருக்கும் இந்தக் கருவி தேவையில்லை. டாக்டர் சொன்னால் போதும். ஆனால் பி.பி. பார்ப்பது எல்லாப் பெரியவர்களுக்கும் தேவை. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். அவங்க வரும்போது "எனக்கு ஒண்ணுமில்ல"ன்னு சொல்ற பெரியவங்களை உட்கார வைப்பது நம்ம வேலை. எழுதத் தெரியாதவங்களுக்கு எண்ணைக் குறித்து வைப்பதும் நம்ம வேலைதான்!