சும்மா தொங்கும் சங்கிலி

மக்களே, களியிக்காவிளையிலிருந்து பாறசாலை, அமரவிளை வழியாக நெய்யாற்றின்கரைக்கு பஸ்ஸில் போகும்போது ஜன்னலோர இடம் கிடைத்தால் ஒரு காரியம் செய்யுங்கள். டிராக்டர் ஒன்று டிரெய்லரை இழுத்துக்கொண்டு போகும். டிராக்டரையும் டிரெய்லரையும் விட்டுவிட்டு, இரண்டுக்கும் நடுவே பாருங்கள்.

மாட்டுவண்டியின் ஏர்க்கால் மாதிரி ஓர் இரும்புத் தண்டு டிரெய்லரிலிருந்து நீண்டுவந்து டிராக்டரின் கொளுக்கியில் மாட்டியிருக்கும். இரண்டையும் சேர்த்து வைத்திருப்பது ஒரே ஒரு பின். டன் கணக்கில் ஏற்றிய செங்கல்லும் பாறைக்கல்லும் அந்தப் பின்னை நம்பித்தான் வருகின்றன.

போன மாதம் அமரவிளைப் பக்கம் ஒரு டீக்கடை முன்னால் நின்ற டிரெய்லரைக் குனிந்து பார்த்தேன். பின் தேய்ந்து, உடுக்கையைப் போல நடுவில் சிறுத்திருந்தது. அது கழன்றுவிடாமல் மாட்டும் பூட்டு ஊசி இல்லை. கட்டுக்கம்பியை முறுக்கி வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஓர் ஒற்றைச் சங்கிலி தரையில் கிடந்தது. சாலையில் உரசி உரசி அதன் கடைசிக் கண்ணிகள் வெள்ளி மாதிரி பளபளத்தன. அந்தப் பளபளப்பைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

வண்டி ஓடும்போது அந்தச் சங்கிலிக்கு ஒரு வேலையும் கிடையாது. சும்மா தொங்கும். ஆனால் பின் முறிந்தால், அந்த ஒரு நொடியில் டிரெய்லரை டிராக்டரோடு பிடித்துவைப்பது முழுக்க அதன் வேலை. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் டிரெய்லர், நொடிக்கு 8 மீட்டருக்கு மேல் நகர்கிறது. இழுப்பதற்கு ஆள் இல்லை என்பதற்காக அது நின்றுவிடாது. ஏர்க்கால் தரையில் விழுந்து ஒரு குழியில் குத்தினால் டிரெய்லர் கவிழவும் செய்யும்.

அதனால்தான் ஒன்றுக்கு இரண்டாகச் சங்கிலி போட வேண்டும். ஏர்க்காலுக்கு அடியில், இடப்பக்கச் சங்கிலியை வலப்பக்கமும் வலப்பக்கச் சங்கிலியை இடப்பக்கமும் கொண்டுபோய் டிராக்டரில் மாட்ட வேண்டும். இரண்டும் குறுக்காகப் பின்னிக்கொண்டு ஒரு தொட்டில் மாதிரி ஆகிவிடும். ஏர்க்கால் விழுந்தால் தரையில் விழாது, தொட்டிலில் விழும்.

நீளம் எவ்வளவு? வளைவில் திரும்பும் அளவுக்குத் தளர்வு போதும். ஏன் என்று வீட்டிலேயே பார்க்கலாம். அரைச் செங்கல்லைத் தையல் நூலில் கட்டி, வழுவழுப்பான தரையில் மெதுவாக இழுங்கள், செங்கல் வந்துவிடும். இப்போது நூலைத் தளரவிட்டு, வெடுக்கென்று இழுங்கள். நூல் அறுந்துவிடும். செங்கல் அதேதான், நூலும் அதேதான். திடீரென்று வரும் வெட்டிழுப்பில் விசை பல மடங்காகிவிடுகிறது. சங்கிலியில் தளர்வு கூடக் கூட அந்த வெட்டிழுப்பும் கூடும்.

எப்படிப்பட்ட சங்கிலி என்பதற்கு ஓர் அழகான கணக்கு இருக்கிறது. நல்ல சங்கிலியின் கண்ணிகளில் தரத்தைச் சொல்லும் எண் இருக்கும்: 30, 70, 80 என்று. 80ஆம் தரம் என்றால், ஒரு சதுர மில்லிமீட்டர் இரும்பு ஏறக்குறைய 80 கிலோ இழுப்பு வரை தாங்கி, பிறகு அறும். 10 மில்லிமீட்டர் கம்பியில் செய்த கண்ணிக்கு இரண்டு கால்கள்; இரண்டின் பரப்பையும் கூட்டினால் 157 சதுர மில்லிமீட்டர். 80ஆல் பெருக்குங்கள். 12 டன்னுக்கு மேல் வருகிறதா? 30ஆம் தரம் என்றால் 5 டன்கூட வராது. அந்த எண்ணைப் பார்க்காவிட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும்! அந்த 12 டன் சங்கிலியையும் பாரம் தூக்கும்போது சுமார் 3 டன்னுக்கு மேல் நம்பக் கூடாது என்பது பொறியாளர்களின் விதி. கம்பியின் பருமன் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தாலே பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். நான் பார்த்த அந்தப் பளபளப்புக்கு அர்த்தம் இதுதான். அறுந்த கண்ணியை வெல்டிங் வைத்து ஒட்டவும் கூடாது. சூட்டில் உரம் ஏற்றிச் செய்த இரும்பு, கண்டபடி சூடு பட்டால் உரம் இழந்துவிடும்.

சக்கரத்துக்கும் சங்கிலி உண்டு, அது தெரியுமா? நம் ஊரில் பார்க்க முடியாது. லடாக், இமாச்சலம் போய்வந்த நம் ஊர்ப் பட்டாளக்காரர்களைக் கேளுங்கள். சோஜி லா, ரோத்தாங் கணவாய்களில் பனி மூடினால் டயர் வழுக்கும். தென்னை ஏறுகிறவர் காலில் தளை மாட்டுகிறாரே, பாறசாலைக்காரர்கள் தளப்பு என்பார்களே, அதே வேலைதான்: வழுக்கும் இடத்தில் பிடி கொடுப்பது. அமெரிக்காவில் ஹாரி வீட் என்பவர், சேற்றிலும் பனியிலும் மாட்டிக்கொண்டவர்கள் டயரில் கயிறு சுற்றுவதைப் பார்த்து, கயிறு தேய்ந்துபோகுமே, சங்கிலி போட்டால் என்ன என்று யோசித்தார். 1904இல் காப்புரிமை வாங்கினார்.

டயர்ச் சங்கிலியைத் தேர்ந்தெடுக்கும்போது, டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவு எண்ணுக்கு அது பொருந்த வேண்டும். இன்ஜின் எந்தச் சக்கரங்களைச் சுழற்றுகிறதோ அவற்றில் மாட்ட வேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, இறங்கி மறுபடி இறுக்க வேண்டும். பனி முடிந்து தார் தெரிந்ததும் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் சங்கிலியும் கெடும், சாலையும் கெடும். ஆனிமழையில் நம் ரப்பர்த் தோட்டப் பாதை வழுக்கும்போது இது தேவையில்லை, தேயாத டயரும் மெதுவான ஓட்டமும் போதும்.

உங்கள் தெருவில் செங்கல் இறக்க டிரெய்லர் வந்தால், தள்ளி நின்றே அந்த நடுவிடத்தைப் பாருங்கள். சங்கிலி ஒன்றா, இரண்டா? குறுக்காகப் போட்டிருக்கிறதா? தரையில் இழைகிறதா? இழைந்தால், ஓட்டுகிற அண்ணனிடம் போய்ச் சொல்லுங்கள். டிரெய்லர் நின்றிருந்தாலும், ஓடினாலும், அந்த ஏர்க்கால்மேல் மட்டும் ஏறாதீர்கள் மக்களே.