தெருக்குரல்: பேரப்பிள்ளைகள் பாடும் நம் கதை

உங்கள் வீட்டு இளவட்டங்கள் காதில் செருகியிருக்கும் கருவியை வாங்கி ஒரு நிமிடம் கேட்டதுண்டா? மூச்சு விடாமல் யாரோ ஒருவர் பேசிக்கொண்டே போவது போலிருக்கும். பாட்டா, சண்டையா என்று புரியாது. "இதெல்லாம் ஒரு பாட்டா? கண்ணதாசன் எழுதி டி.எம்.எஸ். பாடியதல்லவா பாட்டு!" என்று முகம் சுளித்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். அந்தப் பேச்சுப் பாட்டுக்குள்ளே நம் பாட்டன் பாட்டியின் கதையும் இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

2019-ஆம் ஆண்டு சென்னையிலிருந்து 'தெருக்குரல்' என்றொரு இசைத்தொகுப்பு வெளிவந்தது. பெயரை உரக்கச் சொல்லிப் பாருங்கள். திருக்குறள் நினைவுக்கு வருகிறது அல்லவா? வேண்டுமென்றேதான் அப்படி வைத்தார்கள். திருவுக்குப் பதில் தெரு. குறளுக்குப் பதில் குரல். பாட்டை எழுதிப் பாடியவர் அறிவு; அரக்கோணத்துப் பிள்ளை. இசை அமைத்தவர் ஓஃப்ரோ. இந்த இருவர் கூட்டணிக்கு இதுவே முதல் தொகுப்பு.

அறிவு திடீரென்று முளைத்தவரல்லர். 2018 ஜனவரியில் இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் தென்மாவும் சேர்ந்து 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழுவை மேடையேற்றினார்கள். 'சாதியற்ற தமிழர்' என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே முழங்கிய அயோத்திதாசப் பண்டிதரின் எண்ணமே அந்தப் பெயருக்கு வித்து. வடசென்னைக் கானாவும் பறையும் ராப்பும் ஒரே மேடையில் ஒலித்தன. அந்த மேடையில் நின்றவர்களில் ஒருவர்தான் அறிவு.

'தெருக்குரல்' காதல் பாட்டுத் தொகுப்பு அன்று. அரசியல் பாட்டுத் தொகுப்பு. கேள்வி கேட்பவனையெல்லாம் நாட்டுக்கு எதிரி என்று முத்திரை குத்தும் வழக்கத்தை எதிர்க்கிறது 'ஆன்ட்டி இந்தியன்' என்ற பாட்டு. கண்ணெதிரே அநியாயம் நடந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பவர்களைச் சாடுகிறது 'கள்ள மௌனி'. தூத்துக்குடியில் சுடப்பட்டு இறந்த ஓர் இளம்பெண்ணின் பெயரிலும் ஒரு பாட்டு உண்டு.

தூத்துக்குடியில் என்ன நடந்தது? காற்றையும் நீரையும் கெடுக்கிறது என்று சொல்லி, ஸ்டெர்லைட் தாமிர ஆலையை மூடக் கோரி மக்கள் போராடினார்கள். 2018 மே 22-ஆம் நாள் போலீசார் சுட்டனர். அந்தத் துப்பாக்கிச் சூட்டுச் சம்பவங்களில் மாண்டவர் 13 பேர். பின்னர் விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022-இல் தமிழகச் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. போலீசாரின் செயலை அது கண்டித்தது. ஆணையம் பேசுவதற்கு நான்கு ஆண்டுகள் ஆயின. பாட்டோ அடுத்த ஆண்டே பேசிவிட்டது!

இந்த ராப் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். 1973 ஆகஸ்டு 11-ஆம் நாள் நியூயார்க் நகரத்தின் பிராங்ஸ் பகுதியில் நடந்த ஒரு விருந்தைத்தான் இதன் பிறந்தநாளாகச் சொல்வார்கள். அங்கே இசைத்தட்டு சுழற்றிய கூல் ஹெர்க், ஜமைக்காவிலிருந்து குடியேறியவர். வேலை இல்லாத, வீடுகள் எரிந்து கிடந்த வட்டாரத்துக் கறுப்பின இளைஞர்களும் புவர்ட்டோ ரீக்கோ இளைஞர்களும் வளர்த்த கலை இது. 1982-இல் வந்த 'தி மெசேஜ்' என்ற பாட்டு அந்த ஏழ்மையை ஊர் அறியச் சொன்னது. வாத்தியம் வாங்கக் காசில்லாதவன் வாயையே வாத்தியமாக்கினான். நமக்கு இது புதிதா என்ன? தப்பும் உறுமியும் ஒப்பாரியும் தெம்மாங்கும் பள்ளிக்கூடத்தில் படித்தா வந்தன?

இனி நம் கதைக்கு வருவோம். 2021 மார்ச்சில் பாடகி தீயும் அறிவும் பாடிய 'என்ஜாய் என்சாமி' வெளிவந்தது. கெடாவில் அந்தப் பாட்டுக்கு ஆடாத கல்யாண வீடு உண்டா? பல கோடிப் பேர் கேட்ட அந்தப் பாட்டின் வேர், அறிவின் பாட்டி வாழ்ந்த வாழ்க்கை. அவர் இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். பாடுபட்ட மண்ணிலும் காணி இல்லை. திரும்பி வந்த மண்ணிலும் காணி இல்லை.

இலங்கையில் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மனிதர்களைப் பங்கு போட்டார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு மூதாட்டியின் பேரன் இன்று பாடுகிறான். 2024-இல் அவர் வெளியிட்ட தொகுப்புக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்றே பெயர் வைத்தார்.

பாடியவனுக்கும் போராட்டம் ஓயவில்லை. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன்' இதழின் இந்தியப் பதிப்பு இந்தப் பாட்டைக் கொண்டாடியபோது, அட்டைப்படத்தில் அறிவு இல்லை. பா. ரஞ்சித் உள்ளிட்ட பலர் கேள்வி எழுப்பினார்கள். உழைத்தவன் ஒருவன், பெயர் வாங்குபவன் வேறொருவன் என்பது பால் மரம் வெட்டிய கைகளுக்குத் தெரியாத கதையா?

ராப் பாட்டில் மலேசியத் தமிழர்களும் சளைத்தவர்களல்லர். யோகி பி இடம்பெற்ற 'பொயெட்டிக் அம்மோ' குழு 1998-இலேயே முதல் தொகுப்பை வெளியிட்டது. பிறகு அவர் 'நட்சத்திரா' குழுவோடு சேர்ந்து 2006-இல் தந்த 'வல்லவன்' தமிழ்நாடு வரை போய் ஒலித்தது. இந்தக் கலையில் தமிழகத்துக்கே முன்னோடியாக நின்றவர்கள் நம் நாட்டுப் பிள்ளைகள்!

ஆனால் கெடாவின் கதையை யார் பாடுவது? 1946, 47-ஆம் ஆண்டுகளில் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் எழுந்த தொண்டர் படையை எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? கள்ளுக்கடைகளை மூடச் சொல்லி மறியல் செய்தார்கள் அந்தத் தொழிலாளர்கள். 1947 ஏப்ரலில் டப்ளின் தோட்டத்தில் போலீசார் சுட்டதில் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். பின்னாளில் தோட்டத் துண்டாடல் வந்தபோது, துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் எது தெரியுமா? நம் கெடாவின் புக்கிட் சீடிம்! அந்தப் பத்து வெள்ளிக்காக எத்தனை தாய்மார்கள் ஒரு வேளைச் சோற்றைக் குறைத்துக்கொண்டார்களோ! இதைவிடப் பெரிய பாட்டு வேண்டுமா?

பெற்றோரின் கவலையும் நியாயமானதே. ராப் என்ற பெயரில் அடிதடியையும் போதையையும் புகழும் பாட்டுகள் இருக்கின்றன; கெட்ட வார்த்தையை வீரமென்று நினைக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் பதரைக் கண்டு நெல்லையும் சேர்த்துக் கொட்டலாமா? "பாடாதே" என்று அதட்டுவதைவிட, "எதைப் பற்றிப் பாடுகிறாய்?" என்று கேட்பதே மேல். பதில் சொல்லத் தெரிந்த பிள்ளை நிச்சயம் தடம் மாறாது.

சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் பாடாங் செராயிலும் இருக்கும் தாத்தா பாட்டிமார்களே! லயத்து வீட்டையும் பெரட்டையும் கங்காணியையும் கண்ணால் கண்ட கடைசித் தலைமுறை நீங்கள். நீங்கள் சொல்லாமல் போனால் அந்தக் கதை உங்களோடு போய்விடும். அறிவுக்குப் பாட்டி சொன்னார், உலகம் கேட்டது. இன்றிரவு சாப்பாட்டு வேளையில் கைப்பேசிகளைக் கொஞ்சம் ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். எந்தத் தோட்டம், எந்த நிரை, என்ன சம்பளம், எதற்காக அழுதோம், எதற்காக நிமிர்ந்தோம் என்று சொல்லத் தொடங்குங்கள். தாளம் போடுவதைப் பேரப்பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.